பதற்றம் போதவில்லை

சுடர்விழி பதற்றப்படவில்லை. பிரச்சினையே அதுதான்.

வாரியத் தலைவர் ஹரிகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எதிரே பதினைந்து வயசுப் பெண். இரட்டைச் சடை. கழுத்தில் மாலை மாதிரி ஒரு பெரிய நீல ஹெட்போன். கண்ணை மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ஒரே சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"இல்ல."

தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலர் கார்குழலியைப் பார்த்தார். கார்குழலி தாளில் ஒரு பூஜ்யம் போட்டார். போட்ட பூஜ்யத்தின் மேலேயே பேனாவை இன்னொரு சுற்று ஓட்டி அழுத்தமாக்கினார்.

தலைவர் சுடர்விழியின் அப்பா பக்கம் திரும்பினார். "மிஸ்டர் வேம்பு, இந்த வாரியத்தோட பேர் என்ன?"

வேம்புவுக்கு அது மனப்பாடம். வாசல் பலகையில் தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு மூன்றிலும் எழுதியிருந்தது. மூன்றிலுமே மூச்சு வாங்கும் நீளம். "ஆட்டிசக் குழந்தைகள் பதற்றத் தணிப்பு வாரியம் சார்."

"தணிக்கணும்னா முதல்ல என்ன வேணும்?"

"பதற்றம் வேணும் சார்."

"உங்க பொண்ணுகிட்ட அது இருக்கா?"

"இங்க இல்ல சார். பரீட்சை ஹால்ல வரும் சார்."

"பரீட்சை ஹால் கல்வித்துறை. அங்க வர்ற பதற்றம் அவங்களுக்குச் சொந்தம். எங்க கட்டடத்துக்குள்ள வர்ற பதற்றத்துக்குத்தான் நாங்க சான்றிதழ் குடுக்க முடியும்."

வேம்பு நாற்காலி நுனிக்கு வந்தான். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கும் முதலியார்பேட்டைக்கும் நடுவே டெம்போ ஓட்டுகிறவன். போக்குவரத்து போலீஸிடம் பேசிப் பழக்கம் உண்டு. ஆனால் போலீஸ்காரர் என்றைக்கும் 'உன் வண்டி இடிக்கவில்லை, அதனால் உனக்கு உதவ முடியாது' என்று சொன்னதில்லை.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பத்தாவது பொதுத்தேர்வை மகள் தனி அறையில் எழுத வேண்டும். அரையாண்டுத் தேர்வில் அவளைப் பெரிய ஹாலில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் கிறீச்சிட்டது. யாரோ பெஞ்சை இழுத்தார்கள். மணி அடித்தது. மேற்பார்வையாளர் "டைம் ஆச்சு, டைம் ஆச்சு" என்று கத்தினார். சுடர்விழி பெஞ்சுக்கு அடியில் போய், காதைப் பொத்திக்கொண்டு, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். கணக்குப் புத்தகம் முழுவதையும் தூக்கத்தில்கூடப் போடுகிறவள், இரண்டாவது கணக்கோடு நின்றுவிட்டாள். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "தனி ரூம் குடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. வாரியச் சான்று மட்டும் வாங்கியாந்துடுங்க. அது இல்லன்னா மறுபடி அதே ஹால்தான்" என்று சொல்லியிருந்தார்.

"இருந்தாலும்," கார்குழலியின் குரலில் சந்தேகம் வந்தது. "புது இடம், புது ஆளுங்க. எப்படி இவ்ளோ அமைதியா இருக்கு?"

இந்தக் கேள்விக்கு வேம்பு மலர்ந்துபோனான். "நேத்தே கூட்டியாந்து காமிச்சிட்டேன் மேடம். வாசல், படிக்கட்டு, உங்க நாற்காலி, எல்லாத்தையும் போட்டோ எடுத்துக் குடுத்துட்டேன். காலைலேந்து ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்தேன். வண்டியில ஸ்டாப்பிங் சொல்றாப்புலதான். அடுத்தது பல்லு வெளக்குறது, அடுத்தது இட்லி, அடுத்தது கடற்கரை ரோடு, அடுத்தது கண்ணாடி போட்ட சாரு, அவரு பயமா இருக்கான்னு கேப்பாரு. என்னா வரப்போவுதுன்னு தெரிஞ்சா அவளுக்குப் பயமே இல்ல மேடம்."

தலைவர் பேனாவை மூடினார்.

"ஆதாரத்தக் கலைச்சிருக்கீங்க" என்றார்.

"என்னா சார்?"

"இந்தக் குழந்தைகிட்ட இயற்கையா இருந்திருக்க வேண்டிய பதற்றத்த, மதிப்பீட்டுக்கு முன்னாடியே, பெத்தவரே அகற்றியிருக்கீங்க. இது சின்ன விஷயமில்ல."

"யார் உங்கள இப்படியெல்லாம் செய்யச் சொன்னது?" என்றார் கார்குழலி.

"நீங்கதான் மேடம். மாடியில."

உண்மை. வாரியம் இருந்த மஞ்சள் பங்களாவின் மாடியில் பயிற்சிப் பிரிவு. காலை நேரத்தில் கார்குழலி அங்கே பெற்றோருக்கு வகுப்பு எடுப்பார். குழந்தைக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள், உங்கள் சொல்தான் அதற்குத் தரை என்பார். வேம்பு முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன். சிறந்த பெற்றோர் என்று சால்வைகூடப் போட்டிருந்தார்கள். மத்தியானம் வாரியம் கீழ்த்தளத்தில் கூடும். கார்குழலி சாப்பிட்டுவிட்டு மரப்படிகளில் இறங்கி வந்து மதிப்பீடு செய்வார்.

"மாடியில நான் பயிற்சியாளர்" என்றார் கார்குழலி, சங்கடத்தின் சாயலே இல்லாமல். "கீழ வந்தா மதிப்பீட்டாளர். மாடியில சொன்னதைக் கீழ இருக்கும்போது நான் கேட்டிருக்க முடியாது."

"பாத்தீங்களா, இதுதான் நிர்வாகத் தூய்மை" என்றார் தலைவர். அவர் மீன்வளத்துறையிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தவர். வந்ததிலிருந்து தூய்மையை அதிகம் வலியுறுத்துகிறார். "இரண்டு பிரிவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டா ஊழல் வந்துடும். பயிற்சிப் பிரிவு எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ, அவ்வளவு தூரம் மதிப்பீட்டுப் பிரிவுல சான்றிதழ் குறையும். எங்க வெற்றிய நாங்க அளக்கறதே இப்படித்தான். போன வருஷம் ரொம்ப சிறப்பா இருந்துச்சு. ஒருத்தருக்குமே குடுக்கல."

விண்ணப்பத்தில் 'பதற்றம் போதவில்லை' என்று முத்திரை விழுந்தது. அதற்கென்றே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருந்தார்கள்.

ஆனால் வாரியம் இரக்கமில்லாதது அல்ல. மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருந்தது. அதற்குப் பெயர் தூண்டல் அமர்வு. குழந்தைக்கு வாரியமே தன் செலவில் பதற்றம் வரவழைத்து, வந்ததை அளந்து, சான்று தரும்.

"ஒரு வாரம் முன்னாடி நோட்டீஸ் வரும்" என்றார் தலைவர். "என்னென்ன அதிர்ச்சி, எந்த வரிசையில, எல்லாம் தெளிவா இருக்கும். குடிமகனுக்குத் தெரியாம அவன்மேல எதையும் செய்யக் கூடாது. இயற்கை நீதி. இந்த வாரியம் அதிர்ச்சி குடுத்தாக்கூட முறைப்படி அறிவிச்சுட்டுத்தான் குடுக்கும்."

அப்படியே நோட்டீஸ் வந்தது. முதலில் குக்கர் விசில். பிறகு எவர்சில்வர் தாம்பாளம் கீழே விழுதல். பிறகு அறிமுகமில்லாத நபர் திடீரென்று நுழைதல். அறிமுகமில்லாத நபரின் பெயர் சாமிக்கண்ணு, அலுவலக உதவியாளர் என்றும் போட்டிருந்தது.

வேம்புவின் மனைவி சுமலதா அதைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். "இதை அவளுக்குக் காட்டாத."

"காட்டாம? அவ பேருக்கில்ல வந்துருக்கு."

சுடர்விழி அதற்குள் வாங்கிப் படித்து முடித்திருந்தாள். "தாம்பாளம் எப்ப?" என்று கேட்டாள்.

அமர்வு நாளில் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கச்சேரிக்கு வந்தவள் போல உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் சாமிக்கண்ணு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து குக்கரை ஏற்றியிருந்தார். தலைவர் காத்திருந்தார். கார்குழலி பேனாவைத் திறந்து காத்திருந்தார். குக்கர் புஸ் என்றது. அதோடு நின்றுவிட்டது.

"என்னய்யா ஆச்சு?"

"கேஸ்கட்டு தேஞ்சிபோச்சிங்க சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஸ்டோர்ல புதுசு கேட்டு எழுதிக் குடுத்துருக்கேன்."

"சரி, அடுத்ததுக்குப் போ!"

சாமிக்கண்ணு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அறிமுகமில்லாமல் இருப்பதற்காகக் கார்குழலி கொடுத்திருந்த கூலிங்கிளாஸ் அது.

"சாமிக்கண்ணு" என்றாள் சுடர்விழி. பிறகு அவள் முகம் மாறியது. "விசில் வரல. தாம்பாளம் வரல. மூணாவது முன்னாடி வந்துடுச்சி."

விரல்கள் ஹெட்போன் ஒயரை முறுக்க ஆரம்பித்தன. மூச்சு மேல் மூச்சாக வந்தது. கார்குழலி நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவர் முன்னால் குனிந்தார். வந்துவிட்டது. வரிசை மாறியதில், யாரும் திட்டமிடாமல், அசல் பதற்றம் வந்தேவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும், தனி அறை கையில்.

"அடுத்தது தாம்பாளம்மா" என்றது ஒரு குரல். "வண்டி டிராபிக்குல மாட்டிக்கிச்சி. கொஞ்சம் லேட்டா வரும். வந்துடும்."

வேம்புவின் குரல்தான். சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவேயில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அது அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

சுடர்விழி ஒயரை விட்டாள். மூச்சு இறங்கியது. "சரி" என்றாள். தாம்பாளம் விழுந்தபோது, பேருந்து நேரத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்தவள் மாதிரித் தலையாட்டினாள்.

முத்திரை விழுந்தது.

"வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள் சுமலதா அன்றைக்குச் சாயங்காலம். "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

"வந்துடுச்சி, நான் என்னா பண்ணட்டும்?"

"வண்டி டிராபிக்குல மாட்டிக்கிச்சாம். ஆபீசுக்குள்ள என்ன டிராபிக்கு?"

மறுநாள் வேம்பு வாரியத்துக்குத் தனியாகப் போனான். தாழ்வாரத்தில் பெஞ்சுகளில் பெற்றோர் கூட்டம். மாடிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், கீழே காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். பாதிப் பேர் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். காலையில் மாடியில் எழுதிக்கொண்டதை மத்தியானம் கீழே மறைக்க முடியாமல் தவித்தார்கள். ஒருத்தர் இன்னொருத்தரிடம் ரகசியமாக, "நீங்க எதை வெச்சி பதற வெச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆயம்மா என்ற ஒரு தாய், பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், இந்த வருஷம் சான்றிதழ் வாங்கிவிட்டவள். அதை லேமினேட் செய்து பையில் வைத்திருந்தாள். எல்லாரும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"என் மவன் நீலத் தட்டுலதான் சாப்புடுவான்" என்றாள். "அன்னிக்கி வர்றப்ப பச்சத் தட்டுல போட்டேன். அவ்ளோதான். இங்க வந்து நின்னதும் ரெண்டு நாற்காலிய ஒடச்சிட்டான். மிக நன்றுன்னு எழுதிக் குடுத்தாங்க."

"பரவால்லியே."

"ம். அதுலேந்து எந்தத் தட்டுலயும் சாப்புட மாட்டேங்கறான்" என்றாள் ஆயம்மா, சான்றிதழைப் பையில் திருப்பி வைத்தபடி.

சாமிக்கண்ணு டீ டம்ளர்களோடு வந்தார். வேம்புவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் படையில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தவர். அந்த விறைப்பு மகனின் முதுகில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"தம்பி, நான் சொன்னேன்னு சொல்லாத. உடனடி அமர்வுன்னு ஒண்ணு இருக்கு. நோட்டீஸ் வராது. முன்னாடியே தெரிஞ்சிக்கிற உரிமைய விட்டுக் குடுக்குறேன்னு பெத்தவங்க கையெழுத்துப் போடணும். கொழந்தைக்கி நான் எதையும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்னு உறுதிமொழி வேற. எல்லாரும் அதுலதான் வாங்குறாங்க. குக்கருக்குப் புது கேஸ்கட்டும் வந்துடுச்சி."

"சொல்லாம எப்படிண்ணே கூட்டியாறது? வண்டியில ஏறுனதும் அடுத்தது என்னான்னு கேப்பாளே."

சாமிக்கண்ணு டீயைப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லு."

வேம்பு டெம்போவில் ஏதேதோ தப்பு செய்திருக்கிறான். சிக்னலில் நிற்காமல் போயிருக்கிறான். நிற்கக் கூடாத இடத்தில் ஆள் ஏற்றியிருக்கிறான். வராத ஸ்டாப்பிங்கை வருகிறது என்று சொன்னது மட்டும் கிடையாது.

"நான் பண்ண மாட்டேன்" என்றான் வீட்டில்.

சுமலதா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அரையாண்டு அன்னிக்கி என்னத்தான் ஸ்கூல்லேந்து கூப்புட்டாங்க. நீ வண்டியில இருந்த" என்றாள். "பெஞ்சுக்கு அடியில கெடந்தா. சுத்தி அத்தனை புள்ளைங்களும் எழுதறத விட்டுட்டு வேடிக்க பாத்துதுங்க. கைய விடுவிக்கிறதுக்குள்ள ரத்தம் வந்துடுச்சி. அப்பக்கூட எங்கிட்ட என்னா சொன்னா தெரியுமா? மூணாவது கணக்கு எனக்குத் தெரியும்மான்னு சொன்னா. மறுபடி அந்த ஹால்ல அவள நான் பாக்க மாட்டேன். ஒரு பொய்தான். சொல்லு."

வேம்பு கையெழுத்துப் போட்டான்.

உடனடி அமர்வு, மாடி வகுப்பு இல்லாத ஒரு நாள் காலையில். சுடர்விழி யூனிஃபார்மில் டெம்போவின் முன்சீட்டில் ஏறினாள். "அடுத்தது?"

"ஸ்கூல்" என்றான் வேம்பு.

வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி நேராகப் போனது. "ஸ்கூல் அந்தப் பக்கம்" என்றாள் அவள். வேம்பு ரோட்டைப் பார்த்தான். ராஜா தியேட்டர் சிக்னலில் மறுபடி சொன்னாள். "அப்பா, ஸ்கூல்." சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கை காட்டினார். வண்டி கடற்கரைப் பக்கம் திரும்பியது. அவள் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

உடனடி அமர்வின் விதிப்படி ஹெட்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே மேசை இடம் மாறியிருந்தது. நாற்காலிகள் திரும்பியிருந்தன. அவள் உட்காருவதற்குள் விசில் கிளம்பியது. புது கேஸ்கட்.

சுடர்விழி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் யாரையும் நேராகப் பார்க்கிறவள் இல்லை. அன்றைக்குப் பார்த்தாள்.

"அப்பா, அடுத்தது?"

வேம்பு பேசவில்லை. உறுதிமொழி இருக்கிறது.

"அடுத்தது என்னப்பா?"

விசில் இன்னொரு முறை வந்தது. அவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். அங்கிருந்து ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. அடுத்தது, அடுத்தது, அடுத்தது. பிறகு அதுவும் நின்றது. கை வாய்க்குப் போய்விட்டது.

கார்குழலி எழுந்து நின்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தாள் போதவில்லை.

"அருமை" என்றார் தலைவர், மெய்மறந்து. "அருமை. சாமிக்கண்ணு, தாம்பாளம் பாக்கியிருக்கு பார். போடு."

கதவருகே சாமிக்கண்ணு தாம்பாளத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். "போட்டுட்டேன் சார்" என்றார்.

"எனக்குக் கேக்கலையே?"

"விசில்ல அமுங்கிப்போச்சிங்க."

தலைவர் அதை ஏற்றுக்கொண்டார். பெருந்தன்மையான மனநிலையில் இருந்தார். தரையில் முழங்காலிட்டு மகளை மடியில் இழுத்துக்கொண்டிருந்த வேம்புவின் தோளைத் தட்டினார். "நான்கூட உங்க பொண்ணைக் குறைச்சு எடை போட்டுட்டேன் மிஸ்டர் வேம்பு. என்ன ஒரு முன்னேற்றம்! முதல் அமர்வுல பூஜ்யம். இன்னிக்கு எங்க அளவுகோலே பத்தல. வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படியொரு பதற்றத்தை நாங்க உருவாக்கினதில்ல." சொன்னதும் ஒரு கணம் நின்று யோசித்தார். "கண்டறிஞ்சதில்ல" என்று திருத்திக்கொண்டார். கார்குழலி அந்தத் திருத்தத்தையும் குறித்துக்கொண்டார்.

சான்றிதழ் அங்கேயே கிடைத்தது. ஓரம் முழுக்கத் தங்க நிறம். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். குழந்தை முகம் தெரியவில்லையே என்று போட்டோ எடுத்தவர் வருத்தப்பட்டார்.

வேம்பு அதைப் பள்ளியில் கொடுத்தான். தலைமையாசிரியை அன்றே தனி அறைக்கு ஏற்பாடு செய்தார். லாஸ்பேட்டைத் தேர்வு மையத்தில் கடைசிக் கட்டடம், கடைசி அறை. ஃபேன் வேண்டாம், ஜன்னல் போதும். மணிச் சத்தம் எட்டாது. சுடர்விழிக்குப் பழகிய சிறப்பாசிரியை தீபலட்சுமியே மேற்பார்வை. எல்லாம் கேட்டபடி.

வீட்டில் சுடர்விழி படித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். அடுத்தது என்ன என்று மட்டும் கேட்பதில்லை. வேம்பு வழக்கம்போலச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அவன் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து போய், தானே பார்த்துவிட்டு வருவாள். அடுத்தது சாப்பாடு என்றால் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். மழை வருது என்றால் வாசலுக்குப் போய்க் கையை நீட்டுவாள்.

முதல் தேர்வே கணக்கு. அன்று டெம்போ மையத்தின் வாசலில் நின்றது. அவள் இறங்கவில்லை.

"தனி ரூம்டா கண்ணு. நீ மட்டும்தான். ஃபேன் ஓடாது. தீபலட்சுமி டீச்சர் இருப்பாங்க."

"ஸ்கூல்னு சொன்ன" என்றாள் சுடர்விழி.

வேம்புவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இன்ஜினை அணைத்தான். சுற்றிலும் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சான்றிதழின் நகல் அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினான். அவள் தங்க ஓரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நெஜமாம்மா. ஆபீசு இல்ல இது. சத்தியமா ரூம் இருக்கு."

"தெரியாது."

கேட்டைச் சாத்தப் போகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். வேம்பு ஓடிப்போய்த் தீபலட்சுமியைக் கூட்டி வந்தான். டீச்சர் அவளிடம் ரூம் இருக்கிறது என்று சொல்லவில்லை. "வா, நீயே வந்து பாரு. புடிக்கலன்னா திரும்பி வந்துடு" என்றார்.

சுடர்விழி இறங்கினாள். வேம்பு கூடவே நடந்தான். கேட் அருகே அவள் நின்றாள்.

"நீ வராத."

அவன் நின்றான். அவள் மைதானத்தைத் தாண்டி, கடைசிக் கட்டடத்துக்குள் போனாள். திரும்பி வரவில்லை. கேட்டைச் சாத்தினார்கள்.

சுமலதா போன் செய்துகொண்டே இருந்தாள். "எழுதறாளா?"

"தெரியல."

"உள்ள சத்தம் ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல."

"நல்ல சத்தமா, கெட்ட சத்தமா?"

"ஒண்ணும் கேக்கலன்னு சொல்றேன்ல!"

வேறு பெற்றோர்கள் மர நிழலில் மோர் குடித்தார்கள். வேம்பு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டடத்தையே பார்த்தான். அவனுக்கு அடுத்தது என்ன என்று யாரும் சொல்லவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டிக் கவிழ்த்தது மாதிரி வந்தார்கள். கூட்டம் கரைந்த பிறகு, கடைசியாகச் சுடர்விழி. காதில் ஹெட்போன், கக்கத்தில் பரீட்சை அட்டை. கை மணிக்கட்டில் புதுசாகப் பல் தடம் எதுவும் இல்லை. வேம்பு முதலில் அதைத்தான் பார்த்தான். பின்னால் வந்த தீபலட்சுமி, "எல்லாக் கணக்கும் போட்டுட்டா. வரைபடத்துக்கு ரெண்டு கலர் பென்சில்" என்றார்.

வேம்பு டெம்போவை வாசலுக்குக் கொண்டுவந்தான். "ஏறும்மா. வீட்டுக்குத்தான்."

சுடர்விழி வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாள்.

"இங்கேந்து முத்தியால்பேட்டை வரைக்கும் நடப்பியா? வெயிலு பாரு!"

அவள் காதில் ஹெட்போன். நடந்தாள்.

வேம்பு முதல் கியரில் பின்னாலேயே போனான். மத்தியான நேரம், கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. காலி ரோட்டில் ஒரு பெண்ணும் அவளுக்குப் பின்னால் ஊர்கிற காலி டெம்போவும் மட்டும். எதிரே வந்த இன்னொரு டெம்போக்காரன் வேகத்தைக் குறைத்தான். "என்னா வேம்பு, மாப்ள ஊர்வலமா? பொண்ணு நடந்து போவுது, மாப்ளயக் காணுமே!" வேம்பு கையசைத்து அவனைப் போகச் சொன்னான். ஒவ்வொரு திருப்பத்திலும் சுடர்விழி நின்று பின்னால் பார்த்தாள். வண்டி எந்தப் பக்கம் இண்டிகேட்டர் போடுகிறது என்று பார்த்துவிட்டு, அது வீட்டுப் பக்கம்தானா என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி நடந்தாள். வேம்பு ஆள் இல்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போட்டான். முன்கூட்டியே போட்டான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. கார்குழலி.

"மிஸ்டர் வேம்பு, நல்ல செய்தி. மாடியில பெற்றோர் பயிற்சியோட நிறைவு விழா. நீங்கதான் சிறப்புப் பேச்சாளர். தலைப்பு, 'குழந்தையின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி'. தலைவரே உங்க பேரைச் சொன்னார்."

வேம்பு முன்னால் போகும் இரட்டைச் சடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன் மேடம்."

"ஓ, சாரி. அப்ப எப்ப ஃப்ரீயாவீங்க?"

"தெரியல மேடம்" என்றான். "அவ எப்ப வண்டியில ஏறுறாளோ, அப்ப."